பசுமை வீட்டின் தோன்றா எழுவாய்

குளிர்சாதனத்தை 24 டிகிரியில் வைக்க வேண்டும். மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியேற வேண்டும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சினை அணைக்க வேண்டும். காய்கறி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டும். மூங்கில் பிரஷ்ஷும் வேப்பமரச் சீப்பும் வாங்க வேண்டும். கடைக்குத் துணிப்பை கொண்டுபோக வேண்டும். இப்படியே 75 வரை போகிறது பட்டியல். 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2022 அக்டோபர் 20 அன்று குஜராத்தின் ஏகதா நகரில் ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ் உடனிருக்கப் பிரதமர் மோடி தொடங்கிவைத்த ‘லைஃப்’ இயக்கத்தின் பட்டியல் இது. சுற்றுச்சூழலுக்கான வாழ்க்கைமுறை என்று அதற்கு விரிவு.

இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால் முதலில் இடறுவது இலக்கணம். அத்தனையும் ஏவல். ஏவலுக்கு எழுவாய் வெளியே தெரியாது. தோன்றா எழுவாய் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். பாத்திரத்தை ஊறவைத்துக் கழுவு என்றால் கழுவுவது யார்? தமிழாசிரியர் கேட்டால் ‘நீ’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். சமூகத்தின் முன்னால் அப்படி உட்கார முடியாது. அந்த ‘நீ’க்கு ஒரு பால் இருக்கிறது, சாதி இருக்கிறது, அன்றாடக் கூலி இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டு வேலை பார்க்கும் பெண் அதற்காக ஒரு நாளில் செலவழிப்பது 299 நிமிஷம். ஆண் 97 நிமிஷம். அதுவும் வேலையில் கைவைத்த ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. கைவைத்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். 2024 கணக்கெடுப்பில் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிஷம் மிச்சமானால் ஆணுக்கும் ஒன்பது நிமிஷம் மிச்சமாகியிருக்கிறது. நல்ல பங்காளித்தனம்.

ஆக, வீட்டுப் பழக்கம் ஒவ்வொன்றையும் பசுமையாக்கச் சொல்லும் எந்தப் பிரதியும் இந்த 289 நிமிஷத்துக்குள் கூடுதலாக எதையோ திணிக்கச் சொல்கிற பிரதிதான். திணிக்கக் கூடாது என்பது என் வாதமல்ல. யாருடைய நிமிஷம் என்பதைச் சொல்லிவிட்டுத் திணிக்கணும்.

கோவில்பட்டியில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை வாசிக்கும்போது பாதிக்குமேல் சிரிப்பு வருகிறது. மானாவாரிக் காட்டை நம்பிய கிராமங்கள் சுற்றியிருக்க, தீப்பெட்டி ஆபீசுகளையும் பஞ்சாலைகளையும் கடலைமிட்டாய்க் கடைகளையும் வைத்துப் பிழைக்கிற ஊர். மின்தூக்கியைத் தவிர்க்கும் தியாகத்துக்கு இங்கே வாய்ப்பு குறைவு. வேப்பங்குச்சியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவனிடம் பிளாஸ்டிக் பிரஷ்ஷைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, இப்போது அதைத் தூர எறிந்துவிட்டு மூங்கில் பிரஷ் வாங்கு என்றால் அவன் எந்தக் கடையில் போய்க் கேட்பான்? இந்தியரின் தலைக்கு விழும் கரியமில வாயு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. இந்த 2 டன்னும் ஒரு சராசரிதான். சென்னையின் குளிர்சாதன வீட்டையும் எட்டயபுரம் பக்கத்து ஓட்டு வீட்டையும் ஒன்றாய்க் கூட்டி வகுத்தது.

இந்தச் சொல்லாடலுக்கு ஒரு வம்சாவளியும் உண்டு. 1953இல் அமெரிக்காவில் ‘அமெரிக்காவை அழகாக வைத்திரு’ என்றொரு அமைப்பு தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் டப்பாவும் பாட்டிலும் செய்கிற கம்பெனிகள் உண்டு. திரும்ப வாங்கி நிரப்பும் கண்ணாடி பாட்டிலை ஒழித்துவிட்டுத் தூக்கியெறியும் டப்பாவைச் சந்தையில் இறக்கியவர்கள், தெருவில் டப்பா கிடப்பதற்குக் காரணம் ஜனங்களின் கெட்ட பழக்கம் என்றார்கள். 1971இல் அழுகிற செவ்விந்தியரைக் காட்டிய அவர்களது விளம்பரம் பிரசித்தம். 2004இல் பிரிட்டிஷ் பெட்ரோலியம் கம்பெனி அவரவர் ‘கரித்தடத்தை’ அவரவரே கணக்குப் போட்டுக்கொள்ள ஒரு கருவி தந்தது. எண்ணெய் எடுத்து விற்கிறவன் கையில் தராசு, எண்ணெய் எரிக்கிறவன் தலையில் பாவம். வீடும் பழக்கமும் மனசாட்சியும் முன்னுக்கு வருகிற இடத்தில் ஆலை பின்னுக்குப் போகிறது. இதைத் தெரிந்துகொள்ள தெரிதாவெல்லாம் வேண்டியதில்லை, ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். அன்றன்று கூலி வாங்குகிறவள் அன்றன்றைக்குத்தான் வாங்க முடியும். பாக்கெட் அவளுடைய பழக்கம் அல்ல. அவள் கூலியின் வடிவம்.

இதுவரைக்கும் நம் தோழர்கள் தலையாட்டுவார்கள். சிக்கல் இனிமேல்தான். அரசுப் பட்டியலை எதிர்த்து நாம் நீட்டுகிற பிரதி ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துக் கரிசல் வீடு. மண்சுவர், கூரை, கம்மங்கூழ், சாம்பல் போட்டுத் துலக்கிய பாத்திரம், சாணி மெழுகிய தரை, எதையும் தூக்கியெறியாத வாழ்க்கை. இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று மேடையில் சொல்லி, கி.ராஜநாராயணனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். அரசுப் பிரதியும் இந்த ஏக்கப் பிரதியும் எதிரெதிர் என்று தோன்றும். எழுவாயை ஒளித்துவைப்பதில் இரண்டும் கூட்டாளிகள். கூழ் இருக்கிறது, கம்பைக் குத்தியவளைக் காணோம்.

கி.ரா.வை இப்படிச் சாட்சிக்கு இழுப்பது அவருக்குச் செய்கிற அநியாயம். ‘வேட்டி’ கதையில் சுதந்திரப் போராட்டத்தில் பங்கெடுத்த ஒரு மனிதரின் வேட்டி கிழிகிறது. கிழிந்ததைத் தைத்து உடுத்துவது அங்கே மறுபயன்பாடு அல்ல. நாட்டுக்கு விடுதலை வந்த பிறகும் இடுப்புக்கு ஒரு முழுத் துணி வராத கதை அது. அதைச் சிக்கனத்தின் அழகியலாக வாசிக்கிறவர்கள், கருங்கண்ணிப் பருத்தியில் நெய்த சட்டையைப் பட்டணத்துக் கடையில் ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். கருங்கண்ணியை விளைவித்த காட்டில் இன்றைக்கு என்ன விளைகிறது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது.

‘குப்பை’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். பட்டணத்தில் அது கழிவு. கரிசலில் அது சொத்து. ‘காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சா?’ என்று ஒரு சம்சாரி இன்னொரு சம்சாரியைக் கேட்டால் எரு கொண்டுபோய்ப் போட்டாயிற்றா என்று அர்த்தம். வீட்டுக்கு வீடு குப்பைக்கிடங்கு இருந்தது. தொழுவத்துச் சாணி, மாடு தின்று கழித்த கூளம், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டியது எல்லாம் அதில் விழும். கோடையில் வண்டியில் அள்ளிக் காட்டில் சிதறி, மழைக்கு முன்னால் உழுதுவிடுவார்கள். கரிசல் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மண், ஆனால் மக்கு சத்து குறைவு. குப்பை விழாவிட்டால் வெள்ளாமை காட்டிக்கொடுத்துவிடும். எனவே வீட்டைக் கூட்டுவதும் காட்டை உரமாக்குவதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். கிடை போடுவதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இந்தச் சங்கிலி அறுந்தது ஜனங்கள் சோம்பேறியானதால் அல்ல. டிராக்டர் வந்தது, உழவு மாடு போனது, மாட்டோடு சாணி போனது. உரமூட்டை வந்தது. கடைசியாகப் பாலிதீன் கவர் வந்து குப்பைக்கிடங்கில் விழுந்தபோது, அந்தக் குப்பையைக் காட்டில் போட முடியாமல் ஆனது. கவர் விழுந்த குப்பையை உழுதால் கவர் மண்ணுக்குள் போய்த் தண்ணீரை மறிக்கும், வேரை மறிக்கும். சொத்தாக இருந்த குப்பை அன்றைக்குத்தான் பட்டணத்துக் குப்பையாயிற்று. இப்போது ‘குப்பை வண்டி’ என்றால் தெருவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் நகராட்சி வண்டி. ஒரு சொல்லின் பொருள் தலைகீழானதில் ஒரு விவசாயப் பொருளாதாரத்தின் சரிவு முழுக்க இருக்கிறது. இதைப் பழக்க மாற்றம் என்று சொன்னால் எப்படி? மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னன 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள். பிரித்துத்தான் கொடுக்க வேண்டும், சந்தேகமில்லை. பிரிக்காமல் கொடுத்தால் வேறொருத்தி வெறுங்கையால் பிரிப்பாள். ஆனால் மட்கியது திரும்ப எந்தக் காட்டுக்குப் போகிறது என்று கேட்காத வரை பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் பாதி வழியிலேயே நின்றுவிடும் காரியம்.

சங்கிலி ஒழுங்காக இருந்த காலத்தில் அதன் கண்ணிகளாக இருந்தவர்கள் யார்? இங்கேதான் பூமணியின் ‘பிறகு’ (1979) வருகிறது. மணலூத்துக்கு வந்து சேர்கிற அருந்ததியர் அழகிரி ஊருக்குச் செருப்புத் தைக்கிறார், கமலைக்கு வேண்டிய தோல்வேலை பார்க்கிறார். ஊரில் மாடு செத்தால் அந்தத் தெருவுக்குத்தான் ஆள் போகும். இந்த நாவலை ஒரு மறுசுழற்சி ஆவணமாகவும் வாசிக்க முடியும் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். வாசித்துப் பாருங்கள். செத்த மாட்டின் ஒரு துண்டுகூட வீணாகாது. தோல் கமலைக்கும் காலுக்கும் ஆகும், இறைச்சி அந்தத் தெருவின் உணவாகும். இன்றைய சூழலியல் சொற்களில் இது கழிவே இல்லாத கிராமம். சூழலியல் சொல்லாத பாதியைப் பூமணி சொல்கிறார். கழிவில்லாத கிராமம் சாத்தியமானது, கழிவைத் தொடுகிறவர்களென்று ஒரு சாதியை ஒதுக்கிவைத்ததால். ஊரின் தூய்மை தெருவின் தீட்டாக இடம்மாறியது, அவ்வளவுதான். வட்டம் மூடியிருந்தது உண்மை. மூடிய வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே போக வாசல் இல்லை என்பதும் அதே உண்மை.

மோட்டார் பம்புசெட் வந்து கமலை போனபோது மின்சாரம் கூடியது, நிலத்தடி நீர் கீழே போனது. பசுமைக் கணக்கில் நஷ்டம். அழகிரி மாதிரியானவர்களின் கணக்கில்? பிழைப்பும் போனது, அந்தப் பிழைப்போடு ஒட்டியிருந்த இழிவில் கொஞ்சமும் போனது. நஷ்டமா லாபமா என்று ஒரே வரியில் எழுத முடியாது. அந்தத் தத்தளிப்பைத்தான் நாவல் தன் தலைப்பிலேயே வைத்திருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். ‘பழையபடி வாழ்வோம்’ என்று மேடையில் கேட்கும்போதெல்லாம், எந்தத் தெருவில் நின்று சொல்லுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. வெள்ளாவியும் உவர்மண்ணும் வேதிப்பொருள் இல்லாத சலவைதான். சுமந்தவர்கள் யாரென்று இமையம் ‘கோவேறு கழுதைகள்’ (1994) எழுதிக் காட்டியிருக்கிறார். அது கரிசலில் நடக்கிற கதை அல்ல, ஆனாலும் துணிமூட்டையின் கனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். துப்புரவுப் பணியாளர்களைத் தூய்மைப் பணியாளர்கள் என்று 2020இல் பெயர் மாற்றினார்கள். அள்ளுகிற கை மாறியதா?

அடுப்புக்கு வருவோம். கரிசலில் விறகு என்றாலே பாதி பருத்திமார், மிளகாய்மார், மீதி சீமைக்கருவேல். பருத்திமார் பொசுக்கென்று பிடித்துப் பொசுக்கென்று அணைந்துபோகும். அடுப்பை விட்டு எழுந்திருக்க விடாது, தள்ளிக்கொண்டே இருக்கணும். வறட்டி நின்று எரியும், ஆனால் எரிந்த சாணி காட்டுக்குப் போகாத சாணி. சீமைக்கருவேலை வேரோடு பிடுங்க 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது நிலத்தடி நீர், மேய்ச்சல் நிலம், கண்மாய் எல்லாம் பேசப்பட்டன. எல்லாம் பேசவேண்டியவைதான். அடுப்பு எவ்வளவு பேசப்பட்டது? பஞ்ச காலத்தில் வெள்ளாமை கைவிட்ட வீடுகள் அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் அரிசி வாங்கின.

விறகு திரும்ப முளைக்கும், எரிவாயு முளைக்காது. எனவே விறகு பசுமை, சிலிண்டர் பாவம். பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் போட்டியில் இதற்குப் பரிசுகூடக் கிடைக்கும். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் அடுப்புப் புகையை அளந்த கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தப் பாதையில் போகவில்லை. அடுப்படிப் புகை பெண்களின், கைக்குழந்தைகளின் நுரையீரலுக்கு என்ன செய்கிறது என்று வாழ்நாள் முழுக்க எழுதிவந்தவர், பூமிக்கடியிலிருந்து எடுத்த எரிபொருளில் ஒரு பங்கை ஏழைகளின் அடுப்புக்கு ஒதுக்குவதுதான் நியாயம் என்று 2002இல் வாதாடினார். உலகத்துக் கரிக்கணக்கில் அது ஒரு துளி. 2007இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது, 2016இல் உஜ்வலா வந்தது. அடுப்பு வந்துவிட்டது, சிலிண்டரை மறுபடி நிரப்பக் காசு வேண்டுமே. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு சிலிண்டர் 1,100 ரூபாயைத் தாண்டியது. மாதக் கடைசியில் பருத்திமாரைத் தேடிப் போகிற வீடுகளைப் பழைய பழக்கம் விடாதவர்கள் என்று வகைப்படுத்துவது யாருடைய அகராதி? பருத்திமாருக்குத் தீ பிடிக்கவைக்க அதே பாலிதீன் கவரைக் கொளுத்திப் போடுகிறார்கள். பழக்கம் என்று பேசுவதானால் இதைப் பேசுங்கள். அந்தப் புகை சாதாரண விறகுப் புகை அல்ல, அதை மூச்சாக இழுப்பது குனிந்து ஊதுகிறவள். ஒரு கைப்பிடி காய்ந்த தென்னம்பாளையைச் சேர்த்துவைத்தால் போதும், கவர் வேண்டாம். இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்கள் 75இல் எங்கே வருகின்றன என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ‘சிறுதானியம்’ என்ற சொல்லே எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்குப் புதுசு. கம்பு, சோளம், வரகு, குதிரைவாலி என்று தனித்தனியாகத்தான் தெரியும். ஏனென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குத்தியிருக்கிறார்கள். ‘கம்பு நல்லதுதான் தம்பி, யாரு குத்துறது?’ என்று ஒரு கிழவி கேட்டதற்கு இயற்கை வாழ்வியல் நூல்கள் எதிலும் பதில் கிடைக்கவில்லை. கம்பில் தண்ணீர் தெளித்து, உரலில் போட்டு, ஒருத்தியோ இரண்டு பேர் மாற்றி மாற்றியோ இடித்து, புடைத்து, மறுபடி இடித்து, அதற்கப்புறம்தான் உலையே வைக்க முடியும். காட்டுவேலை முடித்து வந்த சாயங்காலத்தில் இது. ரேஷன் அரிசி சல்லிசாகி, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியே ஆனபோது அந்த உரல்கள் வாசலுக்கு வந்து கிடந்தன. சத்துக் கணக்கில் நஷ்டம், சரி. ஒரு தலைமுறைப் பெண்களின் தோள்பட்டைக்கு விடுதலை என்பதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். இன்றைக்கு மில்லில் உமி நீக்கி, மாவாக்கிப் பாக்கெட்டில் கம்பு வருகிறது. வந்தால் சாப்பிடலாம், தாராளமாக. அது மிஷின் பார்த்த வேலை என்பதை ஒளித்துவிட்டுப் ‘பாரம்பரியம்’ என்று லேபிள் ஒட்டாமல் இருந்தால் சரி.

மிஷின் வந்தால் பெண்ணின் வேலை தானாகக் குறைந்துவிடும் என்றும் நம்பிவிட வேண்டாம். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ‘தாய்க்கு இன்னும் கூடுதல் வேலை’ அமெரிக்க வீடுகளைப் பற்றியது. விறகு வெட்டியது ஆண், அடுப்பில் ஆக்கியது பெண். புது அடுப்பு வந்ததும் வெட்டும் வேலை ஒழிந்தது, ஆக்கும் வேலை அப்படியே நின்றது, தூய்மையின் அளவுகோல் மட்டும் ஏறிக்கொண்டே போனது என்று அந்தப் புத்தகம் நிறுவுகிறது. கருவியையும் பழக்கத்தையும் மாற்றியும் எழுவாய் மட்டும் மாறவில்லை. பெண்ணுக்கும் இயற்கைக்கும் ஏதோ தொப்புள்கொடி உறவு இருப்பதாக வந்தனா சிவா எழுதியபோது பீனா அகர்வால் 1992இல் மறுத்ததும் இந்த இடத்தில் நின்றுதான். பெண் இயற்கையைக் காப்பது அவள் சுபாவம் அல்ல, விறகும் தண்ணீரும் அவள் பொறுப்பில் விடப்பட்டதன் விளைவு. பெண்தெய்வமாக்கிப் பாராட்டுகிற சூழலியல் நம் மேடைகளில் இன்னும் ஓயவில்லை. பாராட்டு முடிந்ததும் டீத் தம்ளர்களை எடுத்துப் போகிறவர்களும் அவர்களே.

நாப்கின் விஷயத்தைக் கூச்சப்பட்டுக் கடந்துபோக முடியாது. துணிக்குத் திரும்புங்கள், பிளாஸ்டிக் மிச்சம் என்கிறார்கள். நியாயந்தான், நாப்கினில் பிளாஸ்டிக் இருக்கிறது. வாய்க்காலில் கிடக்கிறது, கடைசியில் நகராட்சித் தொழிலாளியின் கைக்கு வருகிறது. ஆனால் துணிக்குத் தண்ணீர் வேண்டும், கதவடைத்த இடம் வேண்டும், வெயிலில் காயப்போட வெட்கமில்லாத ஒரு கொடி வேண்டும். கிணற்றில் உப்புத் தண்ணீர் ஊறுகிற கரிசலில், சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீருக்கு நாள் எண்ணிக் குடம் வைத்த கோவில்பட்டியில், துணியை அலசிய தண்ணீருக்கும் கணக்கு இருந்தது. கூரை இடுக்கில் ஒளித்துக் காயவைத்த ஈரத்துணியிலிருந்து தப்பித்த முதல் தலைமுறைப் பிள்ளைகளிடம், 2011இல் அறிவித்த ‘புதுயுகம்’ திட்டத்தில் நாப்கின் வாங்கிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளிடம் போய், பூமிக்காகத் திரும்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தண்ணீரும் கொடியும் கொடுத்துவிட்டுச் சொல்லலாம். அப்போது அவர்களே முடிவு செய்வார்கள்.

பட்டியல்கள் எல்லாமே வீட்டை நுகர்கிற இடமாக மட்டும் பார்க்கின்றன. வாங்குகிறது, தின்கிறது, எறிகிறது. கோவில்பட்டி வீடு அப்படி இருந்ததே இல்லை. 1923ஐ ஒட்டிச் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியபோது திண்ணைகள் தொழிற்கூடமாயின. பெட்டி ஒட்டுவதும் கட்டை அடுக்குவதும் வீட்டுக்குள் நடந்தன. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் பசைச்சட்டி. பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளின் விரல்கள் அதில் கிடந்தன. 1986இல் சட்டம் வந்தும் ஓயவில்லை, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்பளிக்க வேண்டிவந்தது. பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ படம் இந்தப் பிள்ளைகளைப் பற்றியது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அன்றும் இன்றும் பெண்கள்.

இப்போது இந்தத் தீக்குச்சியே பசுமைச் சொல்லாடலுக்குள் நுழைந்திருப்பது வேடிக்கை. சீன லைட்டர்கள் வந்து சந்தையைப் பிடித்தபோது இங்கத்து உற்பத்தியாளர்கள் தொழிலாளர் பிழைப்போடு சேர்த்து இன்னொரு நியாயத்தையும் வைத்தார்கள்: லைட்டர் பிளாஸ்டிக், தூக்கியெறிகிற சரக்கு, தீக்குச்சி மரம், அட்டை, மட்கிப்போகும். 2023 ஜூன் கடைசியில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடைசெய்தது. நல்லது. கோவில்பட்டி அடுப்புகள் எரியட்டும். ஆனால் குச்சி ‘மட்கும்’ என்கிற கணக்கு அடுப்பு மேடையிலிருந்து தொடங்குகிறது. குச்சிக்கான மரம் கேரளத்திலிருந்து வருவதும், மருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலப்பதும், மருந்துக் கட்டில் தீப்பிடித்தால் முதலில் கருகுவது யார் என்பதும் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. 2007 முதல் ஒரு ரூபாய்க்கே விற்ற பெட்டி 14 வருஷம் கழித்து 2021 டிசம்பர் 1இல்தான் இரண்டு ரூபாயாயிற்று. 14 வருஷம் விலை ஏறாத ஒரு பொருளுக்குள் யாருடைய கூலி ஏறாமல் கிடந்தது? பெட்டியைத் திறந்து ஒரு குச்சி உரசும்போது உரசுகிறவளின் பழக்கம் மட்டுமே சூழலியலுக்குத் தெரிகிறது. பக்கத்துத் தெருவில் அதை அடுக்கியவள் இன்னொரு வீட்டு இல்லத்தரசி. ஒரே பெண்ணாகவும் இருக்கலாம்.

மஞ்சப்பைக்கு ஒரு பத்தி போதும். முன்பு மஞ்சப்பை தூக்கி வருகிறவன் என்றால் பட்டிக்காட்டான். சினிமாவில் சிரிக்க வைக்க அது ஒன்று போதும். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தடைசெய்த அரசு, பால் எண்ணெய் பாக்கெட்டுகளை விட்டுவிட்டது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ வந்தது. கேலிக்கு ஆளானவர்கள் யாரும் மன்னிப்பு கேட்டதாகத் தெரியவில்லை என்று சொல்லமாட்டேன். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் இந்தப் பை எனக்குப் பிடித்திருக்கிறது. கடைக்குப் போகிற ஆணின் கையிலும் அது இருப்பதால்.

இதையெல்லாம் வைத்து, பழக்கத்தை மாற்றவே வேண்டாம், எல்லாம் முதலாளித்துவம் ஒழிந்த பிறகு பார்த்துக்கலாம் என்று ஒதுங்குகிற தோழர்களுக்கு இந்தக் கட்டுரை கைகொடுக்காது. அதுவும் ஒரு சொகுசான தோன்றா எழுவாய்தான். வரலாறு வந்து பாத்திரம் கழுவும் என்ற நம்பிக்கை. குப்பையைப் பிரிக்கணும், கவரைக் கொளுத்தக் கூடாது, அடுப்படித் தண்ணீரை முருங்கைக்கும் வாழைக்கும் திருப்பணும். வீட்டில் இருக்கிற ஆம்பளை இதில் எந்த இரண்டைத் தன் கணக்கில் எடுத்துக்கொள்கிறான் என்று பெயர்போட்டுச் சொல்லணும். அப்புறம், வீட்டுக்குள் முடியாததை வீட்டுக்குள் தேடக் கூடாது. சோ.தர்மனின் ‘சூல்’ (2016) உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றி எழுந்த நாவல். அதில் தண்ணீர் யாருடைய வீட்டுப் பழக்கமும் இல்லை. கரம்பை அள்ளுவதும் மடை திறப்பதும் மரம் வைப்பதும் ஊர் கூடிச் செய்கிற காரியங்கள். அந்த ஊர்கூடலுக்குள்ளும் சாதி இருந்தது, அதையும் நாவல் மறைக்கவில்லை. ஒரு கண்மாய் தூர்ந்துபோன ஊரில் ஒரு பெண் காய் கழுவிய தண்ணீரை மிச்சப்படுத்துவதை வைத்து என்ன பேசுவது என்ற சங்கடம் அந்த நாவலை மூடிய பிறகும் கூடவே இருந்தது.

நம் கூட்டங்களில் காகிதக் கப்பை நிறுத்திவிட்டு எவர்சில்வர் தம்ளர் வைப்பது என்று சில இடங்களில் முடிவாகியிருக்கிறது. சரியான முடிவு, காகிதக் கப்புக்குள்ளும் மெல்லிசாகப் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அறுபது பேர் வருகிற கூட்டத்துக்கு அறுபது தம்ளர், இரண்டு சுற்று டீ. அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, சிறப்புரை, நன்றியுரை என்று போடுகிறோமே, அதோடு ‘தம்ளர் கழுவுதல்’ என்றும் ஒரு வரி சேர்த்து, கட்டுரை வாசிக்கிறவர்களின் பெயர்களையே முறைவைத்து அச்சடிக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.